வேறு கிளைகள் கிடையாது

கொஞ்சம் தள்ளி ஒக்காரு தாயி. ஜன்னலோரம் நீயே இரு, எனக்கு வேணாம். காத்து மூஞ்சில அடிச்சா எனக்குக் கண்ணுல தண்ணி வந்துரும். பாக்கிறவுக இந்தக் கெழவி எதுக்கு அழுறான்னு கேப்பாக. அழுறதுக்கு எனக்கு என்ன வந்துச்சு? கல்யாணத்துக்குல்ல போறேன். எம் பேத்தி கல்யாணத்துக்கு.

கண்டக்டர் தம்பி, எனக்கும் ஒரு ஓசி டிக்கெட்டு கிழி. கருங்காபேட்டைக்கு. என்னது? மண்டபத்து ஸ்டாப்பா, ஸ்டாண்டான்னா கேக்க? ஸ்டாண்டுதான்யா. மண்டபத்துல எறங்குனா முன்வாசல் வழியால்ல போகணும். எனக்கு அந்த வழி கெடையாது. ஸ்டாண்டுல எறங்கி, சாக்கடைச் சந்துக்குள்ள பூந்து, சமையக்கட்டு வாசல்ல நொழையணும். உத்தரவு அப்பிடி. அதுவும் இருட்டோட வந்துட்டு இருட்டோட போயிரணும்னு உத்தரவு. மொத பஸ்ஸு வரவே இல்ல, நான் என்ன செய்ய? இப்பப் பாரு, சுள்ளுன்னு வெயிலு அடிக்கி.

மடியில என்ன அது, சேவா? காட்டு. கண்ணாடிய தங்கச்சி வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். பச்சைக் கவரா, மஞ்சக் கவரா? பச்சையா. சரி சரி. அதுல ஒரு படம் இருக்கும் பாரு, மீசையும் பட்டையுமா ஒரு மனுசன். கீழ என்ன போட்டிருக்கு, வாசி. ‘படத்தைப் பார்த்து வாங்கவும், போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்.’ ஆங். அதுக்கு மேல பேரு? நீயே வாசி, நான் அந்தப் பேரச் சொல்லக் கூடாது. தவசிலிங்கமா? அவுகதான். எங்க வீட்டுக்காரக.

சிரிக்காத தாயி. நெசமாத்தான் சொல்லுதேன். நீ ஊருக்குப் புதுசு போல. துணை ஆஸ்பத்திரிக்கு வந்த நர்சம்மாதான? சட்டையில பேனா குத்திருக்கும்போதே நெனச்சேன். எந்த ஊரு? தஞ்சாவூரா? அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்த பிள்ளைக்கு இந்தக் கதையெல்லாம் எங்க தெரியப் போவுது. இந்த வட்டாரத்துல கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். கருங்காபேட்டை ஸ்டாண்டுல எறங்குனா ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சேவுக்கடை, அந்தப் பக்கம் ஒரு சேவுக்கடை. இது ஆதி தவசி சேவுக்கடை, மஞ்சக் கவரு. அது தவசி மகன் சேவுக்கடை, பச்சைக் கவரு. ரெண்டுலயும் அவுக படந்தான். அப்பனுக்கும் மகனுக்கும் ஆகாது. ஒருத்தர் மொகத்துல ஒருத்தர் முழிக்க மாட்டாக. எங்க கடை நெத்தியில பெரிய எழுத்துல எழுதியிருக்கும், ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’ன்னு.

கிளைன்னா கடைக்கிளை. ஆனா நான் பெத்தவ இல்லையா தாயி? தெனமும் வாசல் தெளிக்க வந்து நிமிந்து பாத்தா, எனக்குப் பிள்ளையே கெடையாதுன்னு எழுதி வச்ச மாதிரித்தான் இருக்கும்.

எங்க விட்டேன்? ஆங், அவுக. அவுக யாவாரம் ஆரம்பிச்சது கடையில இல்ல. ரயில்வே கேட்டுல. இந்த பஸ்ஸே இன்னுஞ் செத்த நேரத்துல அந்தக் கேட்டத் தாண்டும் பாரு, காட்டுதேன். தாயில்லாப் பிள்ள. சித்தி கஞ்சி ஊத்த மாட்டா. ஒரு தாம்பாளத்துல சேவப் பரப்பி, தலையில வச்சிக்கிட்டு, கேட்டுல நிப்பாக. ரயிலு வர்ற நேரம் கேட்டு அடைப்பான்லா, பஸ்ஸும் லாரியும் வரிசையா நிக்கும். ஜன்னல் ஜன்னலா ஓடி ஓடி விக்கிறது. கேட்டுக்காரருக்கு ஒரு பொட்டலம் போயிரும். போனா அவரு ரயிலு வர்றதுக்குக் கொஞ்சம் முந்தியே அடைச்சிருவாரு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல, ‘இது தப்பில்லையா’ன்னு கேட்டேன். ‘கூட்டம் தானா நிக்காது பாக்கியம், நிறுத்தணும்’னாக. என்ன அறிவு பாத்தியான்னு நான் எந் தங்கச்சி சீனியம்மாகிட்டப் பெருமையாச் சொன்னேன். அவ புருசன் அப்ப சீட்டாடிக்கிட்டு இருந்தான். பாவம், நல்ல மனுசந்தான், பெறகு திருந்தி ஆடு வளத்தான். அந்த ஆடு ஒண்ணு கெணத்துல விழுந்து... அத விடு, அது பெரிய கதை.

சேவுக்கு மாவு பெசையிறது அவுக. ஆனா ருசி எது தெரியுமா? கலவ. மொளகு, சீரகம், பூண்டு, வத்தல், கொஞ்சம் ஓமம். எது எம்புட்டுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். எங்க அம்மா கைப்பக்குவம். வீட்டுல அம்மியில அரைச்சு, தூக்குவாளியில வழிச்சு, மூடிய எம் பழைய சேலைக் கரையக் கிழிச்சு இறுக்கிக் கட்டி அனுப்புவேன். வாசம் போகக் கூடாது பாரு. கடைக்கு வர்றவுக எல்லாம் ‘மொதலாளி கைப்பக்குவமே தனி’ம்பாக. அவுகளும் மீசையத் தடவிக்கிடுவாக. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நான் எதையுமே வெளிய சொல்ற ஆளு இல்ல தாயி. என் வாய் பூட்டுன பொட்டி.

ஒத்தப் பிள்ள எங்களுக்கு. கனகவேலு. அவனுக்குக் கல்யாணம் முடிச்சு, மருமக ஜெயக்கொடி வந்து, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பெய கவருல போட்டு விக்கணும்னான். அவுக, காயிதத்துல மடிச்சுக் குடுத்தாத்தான் சேவுன்னாக. அவன், பஸ்ஸு நிக்கிறது எதுத்தாப்புல, கடைய அங்க மாத்தணும்னான். அவுக, இது ராசியான எடம்னாக. ஒரு நாளு கடை நெறைய ஆளு இருக்கும்போது, ‘ஒங்களுக்கு யாவாரம் தெரியலப்பா’ன்னுட்டான். வுட்டாக பாரு ஒரு அறை. சேவுத் தட்டு தெறிச்சு விழுந்துச்சு. அவன் வேட்டிய உதறிக் கட்டிக்கிட்டுப் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வெளியேறிட்டான். எதுத்தாப்புல பூட்டிக் கெடந்த சைக்கிள் கடையப் பிடிச்சு, சட்டி வச்சு, அப்பன் படத்தையும் மாட்டி, தவசி மகன் சேவுக்கடைன்னு போர்டு போட்டுட்டான்.

நான் போயிப் பாக்கணும்னேன். பெத்த வயிறு. அவுக வாசல்ல குறுக்க நின்னாக. ‘ரோட்டத் தாண்டிப் போனா, திரும்பி வராத’ன்னாக.

நான் போகல தாயி. கட்டுனவன் பக்கந்தான நிக்கணும். நின்னேன். அப்பத்தான் அந்தப் போர்டையும் எழுதுனாக, வேறு கிளைகள் கெடையாதுன்னு. காயிதந்தான்னு நின்னவுக, அவன் பச்சைக் கவரு போட்டதும் மஞ்சக் கவருக்கு மாறிட்டாக.

அதுலயிருந்து எனக்கு வயிறு எரியும். சாயங்கால பஸ்ஸுக எல்லாம் வந்து நிக்கிற நேரம், நான் கடைப்படியில எறங்கி நின்னு, ரோட்டப் பாத்து ஏசுவேன். சும்மா ஏசுறதா? ‘ஒன் எண்ணச் சட்டியில ஈ விழ! ஒன் சேவு நமத்துப் போக! ஒன் கல்லாவுல கரையான் ஏற! அப்பன் படத்த வச்சுப் பொழைக்கிற பெயலே, அப்பன் மீசை ஒனக்கு மொளைக்குமா?’ன்னு. சொல்லும்போதே அழுகை வந்துரும். மாருல அடிச்சுக்கிடுவேன். டிரைவருக வண்டிய ஆப் பண்ணிட்டு வேடிக்கை பாப்பாக. சனம் எறங்கி நிக்கும். ‘எது அசல், எது போலி’ன்னு அவுகளுக்குள்ளயே சண்டை. இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம் வாங்கித் தின்னு பாப்பாக. ரெண்டும் ஒரே ருசியா இருக்கேம்பாக. நான் விடுவேனா? ‘திருடிட்டான்! எங் கலவையத் திருடிட்டான்!’ன்னு அதுக்கும் ஏசுவேன்.

ஏசி முடிச்சு உள்ள வந்தா, அவுக பனங்கக்கண்டு போட்டுப் பாலு காய்ச்சி வச்சிருப்பாக, தொண்டைக்கு. ‘குடி பாக்கியம், தொண்ட கட்டிருச்சு பாரு’ன்னு ஆத்தித் தருவாக. என் மேல அம்புட்டுப் பாசம். அப்பிடித்தான் நெனச்சேன். சில நாளு நான் அசந்துபோய்ப் படுத்துக் கெடப்பேன். அப்பப் பக்கத்துல வந்து ஒக்காந்து, ‘இன்னைக்கு அந்தப் பெய என்ன சொன்னான் தெரியுமா? எங்கம்மாவுக்குக் கலவையே போடத் தெரியாதுன்னானாம்’பாக. அம்புட்டுத்தான். எனக்கு ஆங்காரம் வந்துரும். எந்திரிச்சுப் படிக்குப் போயிருவேன். அன்னைக்கு வாரச்சந்தையா இருக்கும், கூட்டம் அம்மும். யாவாரம் கூடிருச்சு, இன்னொரு தூக்குக் கலவ அரைன்னாக. அரைச்சேன். பெறகு அதையும் கூட்டச் சொன்னாக. கை வீங்க வீங்க அரைச்சேன். அவன் கடையப் படுக்க வைக்கணும்னு வைராக்கியம் எனக்கு.

அவனுக்குப் பிள்ள பொறந்துச்சு. பொம்பளப் பிள்ள. பூக்காரி ராக்கு ரெண்டு கடைக்கும் பொதுவா ஒக்காந்திருப்பா, அவதான் வந்து சொன்னா, ‘அக்கா, பேரு பாக்கியலெச்சுமியாம். ஒங்க பேரு’ன்னு. நான் என்ன செஞ்சேன்? படியில போயி நின்னுக்கிட்டு, ‘சேவத் திருடுன, படத்தத் திருடுன, இப்ப எம் பேரையும் திருடிட்டியா’ன்னேன். ஆனா தாயி, எதுத்தாப்புல அவன் ‘பாக்கியா, ஏ பாக்கியா’ன்னு கூப்பிடும்போதெல்லாம் என் தலை தானாத் திரும்பும். என்னத்தக் கட்டிப்போட? காது எனக்குத் துரோகம் பண்ணும். அந்த ஜெயக்கொடி இருக்காளே, அவ ஒரு நாளும் அந்தப் பேரச் சொல்ல மாட்டா. ‘ஏ ஆத்தாக்குட்டி, இங்க வா ஆத்தாக்குட்டி’ம்பா. எம் பேரச் சொல்லக்கூட அவளுக்கு வாய் கூசுது பாரு. அம்புட்டு வெறுப்பு என் மேல.

என்ன சிரிக்க? சரி, தண்ணி இருந்தா கொஞ்சம் குடு. பேசுனா தொண்ட வறளுது.

பிள்ள சமஞ்சுச்சு. ரோட்ட அடைச்சுப் பந்தல் போட்டுச் சடங்கு வச்சான். எனக்குச் சொல்லல. தாய்மாமன் சீரு மேளத்தோட எங் கடையக் கடந்து போவுது. அன்னைக்கு நான் ஏசல. ரோட்டுல எறங்கி, குனிஞ்சு, ரெண்டு கையாலயும் மண்ண வாரித் தூத்திட்டேன். மண்ணு காத்துல போச்சு, யாரு மேலயும் விழல. அவுக என்னைப் பிடிச்சு உள்ள இழுத்தாக. கண்ணுல தண்ணி நிக்குது அவுகளுக்கு. என்னை நெனச்சு அழுறாகன்னு நெனச்சு, நான் அவுகளுக்கு ஆறுதல் சொன்னேன்! நான் சொன்னேன் ஆறுதல்! அன்னைக்கு ராவுல அவுக சோலியா வெளிய போறேன்னு போனாக. சந்தனம் மணக்க மணக்க வந்தாக. கோயிலுக்குப் போனேன்னாக. நம்புனேன்.

ஒனக்கு வெளங்கிருச்சு போல. படிச்ச பிள்ளைல்ல, டக்குனு வெளங்கிருது. எனக்கு வெளங்க, அவுக மயங்கி விழ வேண்டியிருந்துச்சு.

இந்தப் பங்குனி வெயிலுல. மத்தியானம். அவுக எப்பயும் சாப்புட்டுச் சிவங்கோயில் மண்டபத்துல செத்தப் படுத்துட்டு வாரேன்னு போவாக. நானும் வெத்தலையெல்லாம் மடிச்சுக் குடுத்து அனுப்புவேன். அன்னைக்கு ராக்கு தலைதெறிக்க ஓடியாறா. ‘அக்கா, மொதலாளி மயங்கி விழுந்துட்டாக’ன்னா. ‘எந்தக் கோயில்லடி’ன்னு கேக்கேன். ‘கோயில்ல இல்லக்கா. எதுத்த கடையில.’

செருப்புக்கூடப் போடல. ரோட்டத் தாண்டுனேன். அம்புட்டு வருசமாத் தாண்டாத ரோடு, நாலு எட்டு வைக்கதுக்குள்ள முடிஞ்சுபோச்சு தாயி. அம்புட்டுத்தான் அந்த ரோடு.

கடைய ஒட்டிப் பின்னால ஒரு அறை, சந்துப் பக்கம் அதுக்குத் தனி வாசலு. ஒரு கயித்துக் கட்டுலு. அதுல கெடக்காக. தலைய மடியில வச்சிக்கிட்டு ஒரு பிள்ள விசிறுது. எம் மூஞ்சி. அச்சா எம் மூஞ்சி. ‘தாத்தா, தாத்தா, கண்ணத் தொறங்க தாத்தா’ங்குது. எப்பயும் கூப்பிட்டுப் பழகுன வாயி. ஜெயக்கொடி காலத் தேய்க்கா. அவன் டாக்டருக்குப் போனப் போட்டுக்கிட்டு நிக்கான். என்னைப் பாத்ததும் போனு கையிலயே நின்னுபோச்சு.

அவுக கண்ணத் தொறந்துட்டாக, சர்க்கரை இறங்கிருச்சாம், வேற ஒண்ணுமில்ல. அப்பத்தான் நான் சுத்திப் பாக்கேன். ஆணியில அவுக துண்டு தொங்குது. போன தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தது, தொலைஞ்சுபோச்சுன்னாக. மூலையில அவுக சாய்வு நாற்காலி மாதிரியே ஒண்ணு. சொவரோரம் தூக்குவாளி. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அடுக்கி வச்சிருக்கு. மூடியில எஞ் சேலைக் கரை. நான் போட்ட முடிச்சு.

கிட்டப் போயி மோந்து பாத்தேன். எங் கலவ.

யாரு கடைய மண்ணாப் போகணும்னு கை வீங்க அரைச்சேனோ, அந்தக் கடைக்குத்தான் அரைச்சிருக்கேன். திருட்டுக் கலவன்னு யாரு ஏசுனாளோ, அவதான் அதைக் கட்டிக் குடுத்து அனுப்பியிருக்கா.

‘எப்பயிருந்து’ன்னு கேட்டேன். அந்தப் பிள்ளதான் சொல்லுச்சு, ‘நான் பொறக்கதுக்கு முந்தியே ராசியாயிட்டாக அப்பத்தா’ன்னு. அப்பத்தான்னுச்சு தாயி. மொத வாட்டி.

அவன் வீட்ட விட்டுப் போனது நெசச் சண்டைதான். ஆனா அந்த வருசக் கோடை முடியிறதுக்குள்ளயே அப்பனும் மகனும் விருதுநகரு மார்க்கெட்டுல கடலைமாவு எடுக்கப் போன எடத்துல பேசிட்டாக. பேசி அழுதுருக்காக. அழுது முடிச்சு, காப்பி குடிச்சுட்டு, யாவாரம் பேசியிருக்காக. சண்டையப் பாக்கத்தான் கூட்டம் நிக்கி, இத விட்டுறக் கூடாதுன்னு. கூட்டம் தானா நிக்காது பாரு. நிறுத்தணும். கேட்டுக்காரரு அடைச்ச மாதிரி, என்னை ரோட்டுக்குக் குறுக்க அடைச்சு நிறுத்திட்டாக.

‘அப்ப எனக்கு ஏன் சொல்லல?’

அவுக கட்டுல்ல ஒக்காந்துக்கிட்டு, நெலத்தப் பாத்துக்கிட்டுச் சொல்லுதாக, ‘ஒங்கிட்டச் சொன்னா ஒரு பொழுது தாங்குமா பாக்கியம்? ஊருக்கே தமுக்கு அடிச்சிருவ.’

நானா? கேட்டியா தாயி? நானாம்!

அதோட விட்டாகளா? ‘ஒனக்கு நடிக்க வராது. நீ நெசமா அழுதாத்தான் ஊரு நம்பும்’னாக.

அவன் கால்ல விழுந்தான். ‘எம்மா, மன்னிச்சிரும்மா, தெனமும் நீ ஏசுறதக் கேட்டுக்கிட்டு நான் அங்க பொணமாத்தான் நின்னேன்’னான். நின்னேல்லடா? நின்னுக்கிட்டு வித்தேல்ல? பேத்திக்காரி என் கையப் பிடிச்சுக்கிட்டா. ‘அப்பத்தா, நீ ஏசுறதெல்லாம் எனக்கு மனப்பாடம். எண்ணச் சட்டியில ஈ விழன்னு சொல்லிச் சொல்லித்தான் நான் சின்னதுல ஊஞ்சல் ஆடுவேன்’ங்கா. சிரிக்கதா அழுறதா நானு? அந்தக் கொரலுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்ச அப்பத்தா.

இன்னும் கேளு. கொடுமையே இனிமேத்தான். ரெண்டு நாளு கழிச்சு, சாயங்கால பஸ்ஸெல்லாம் வந்துருச்சு. அவுக பக்கத்துல வந்து, ‘பாக்கியம், வழக்கம்போல ரெண்டு வார்த்த ஏசிட்டு வந்துரேன். திடீர்னு நிறுத்துனா சனம் சந்தேகப்படும்’னாக. படிக்குப் போனேன். கூட்டம் என்னையவே பாக்கி. வாயத் தொறந்தேன். ‘ஒன் எண்ணச் சட்டியில...’ வரல தாயி. காத்துதான் வருது. எதுத்தாப்புல எம் பேத்தி மாடியில நின்னு, நான் மறந்துட்டேன்னு நெனச்சு, உதட்ட அசைச்சு எடுத்துக் குடுக்கா, ஈ விழ, ஈ விழன்னு. நான் அங்கனயே ஒக்காந்துட்டேன்.

மறுநாளு பையத் தூக்கிக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்கு வந்துட்டேன். ஊர ஏமாத்தட்டும், வேணாங்கல. யாவாரின்னா ரெண்டு பொய்யி இருக்கத்தான் செய்யும். பெத்தவ வயித்தெரிச்சல எடையில போட்டு விக்கலாமா? அதக் கட்டுனவனே செய்யலாமா? பாலு ஆத்திக் குடுத்து, தொண்டையத் தேத்தி, மறுபடி ஏச விடலாமா? சொல்லு. நீ நர்சம்மா, நாலு ஒடம்பப் பாத்தவ, சொல்லு.

ஏன் பஸ்ஸு நின்னுருச்சு? ஓ, கேட்டு. அந்தா பாரு, அந்தப் புளியமரத்தடியிலதான் தாம்பாளத்தோட நிப்பாக. ரயிலு வரட்டும், என்ன அவசரம்.

போன வாரம் அந்தப் பிள்ள ஒத்தையில பஸ்ஸு ஏறி எந் தங்கச்சி வீட்டுக்கு வந்துச்சு. வெத்தல பாக்கு வச்சுக் கால்ல விழுந்துச்சு. பத்திரிக்கையக் காட்டுச்சு. அதுல அம்மா வழித் தாத்தா பாட்டி பேரு இருக்கு, எங்க பேரு இல்ல. போட்டா ஊருக்குத் தெரிஞ்சுரும்லா. பிள்ள அந்த எடத்த விரலால தடவிக்கிட்டே, ‘பேரு இல்லாட்டி என்ன அப்பத்தா, நீ வா. மணவறையில ஏறும்போது ஒம் மொகத்தத்தான் தேடுவேன்’னுச்சு. வாரேன்னுட்டேன்.

அதுக்கு மறுநாளே அவுக போனு. ‘வா, வேணாங்கல. விடியிறதுக்குள்ள சமையக்கட்டு வழியா வந்து, மாப்ள வீட்டுக்காரக வர்றதுக்கு முந்தி பிள்ளையப் பாத்துட்டு, வந்த வழியே போயிரு. நானும் அப்பிடித்தான் செய்யப் போறேன். வெளிய தெரிஞ்சா ரெண்டு கடையும் படுத்துரும் பாக்கியம். நான் தலையில சொமந்து கட்டுன கடை, இப்ப ஒன் வாயில இருக்கு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு’ன்னாக. பண்ணிட்டேன். சத்தியம் சத்தியந்தான். நான் செத்தாலும் வெளிய விட மாட்டேன். ஒனக்குச் சொன்னது வேற, நீ வெளியூரு. நீயும் யார்கிட்டயும் மூச்சு விட்டுராத தாயி.

என்ன, பஸ்ஸே இப்பிடி அமந்து கெடக்கு? இஞ்சினு சத்தத்தையும் காணும். எல்லாரும் தூங்கிட்டாகளா?

ஆரு அது பின்னால? என்ன கேக்க? ‘அப்ப ரெண்டு கடையும் ஒண்ணுதானா’வா? ஏய்யா, நான் இந்தப் பிள்ளைகிட்ட ரகசியம் பேசிக்கிட்டு இருக்கேன், நீ எதுக்குக் காத நீட்டுற? ஒனக்கு எந்த ஊரு? கருங்காபேட்டையேவா? சந்தைக்கா போற? ஆத்தாடி. நீங்க ரெண்டு பேரு? நீங்களும் கல்யாணத்துக்கா? மாப்ள வீட்டு வழியா!

சிரிக்கிறதப் பாரு. அட, எதுக்குச் சிரிக்கீக? டிரைவரு கூடத் திரும்பி ஒக்காந்துருக்காரு. ‘ஏமாத்திட்டாரே தவசி மொதலாளி’ங்கீகளா? ஒங்கள என்னத்த ஏமாத்துனாக? நீங்க காசக் குடுத்தீக, நல்ல சேவு தின்னீக. அசல் கலவ, ரெண்டு கடையிலயும் என் கையிதான். எம் மகன் போலி இல்ல. கேட்டுக்கோங்க, எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க, எம் மகன் போலி இல்ல. ஏமாந்தது நான் ஒருத்திதான்.

ரயிலு போயிருச்சு. கேட்டத் தொறக்கான் பாரு. எடுங்கய்யா வண்டிய.

இல்ல தாயி, நான் அழுகல. காத்து. நீதான் ஜன்னலத் தொறந்து வச்சிருக்க.

என்ன கண்டக்டர் தம்பி, மறுபடி என்ன கேக்க? ஸ்டாண்டா, மண்டபமாவா? ஸ்டாண்டுன்னுதான் சொன்னேன். சத்தியம் பண்ணியிருக்கேன்யா.

‘அதான் இந்நேரம் பஸ்ஸுக்கே தெரிஞ்சுபோச்சே’ங்கியா? ஆமா. தெரிஞ்சுதான் போச்சு. தெரிஞ்ச பெறகு சந்துக்குள்ள எதுக்குப் பூந்துக்கிட்டு.

மண்டபத்துல நிறுத்து. முன்வாசல்ல.

தாயி, எந் தலை கலைஞ்சிருக்கா? மொகத்துல எண்ண வழியுதா, நல்லாப் பாத்துச் சொல்லு. பிள்ள தேடும்.